பெயரைத்தானே மறைத்தோம்? கெமிஸ்ட் கன்சல்டன்ட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தனியாக கன்சல்டிங் தொடங்குகிறவர்களுக்கு வேலை பெரும்பாலும் டீ ஃபாக்டரி, தைலம் காய்ச்சுகிறவர்கள், எஸ்டேட்-ஓட்டல் தண்ணீர் என்று மூன்று பக்கத்திலிருந்து வரும். புதிதாக வருகிறவர்கள், முன்பு எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றாதே என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் இங்கே பேச்சு.

பெயரை மட்டும் மறைப்பது

"ஒரு ஃபாக்டரியில டஸ்ட் டீயில இரும்புத்தூள் 210 வந்துச்சு சார். ரோலர் ஷார்ப்பன் பண்ணின மூணாம் நாள் எடுத்த சாம்பிள். பேரு வேண்டாம்."

கோத்தகிரியில் ஒரு மேனேஜரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் அது எந்த ஃபாக்டரி என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். டீ இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலரைத் தீட்டும் பட்டறைகள் எத்தனை இருக்கும்? அங்கே எந்த வண்டி நின்றது என்பது டிரைவர்களுக்குத் தெரியும். டிரைவர்களுக்குத் தெரிந்தது மேனேஜர்களுக்கும் தெரியும். பெரிய ஊரில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடலாம். மலையில் விவரம்தான் பெயர்.

டீயில் இரும்புத்தூளுக்கு உணவுப் பாதுகாப்பு வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம். 210 என்பது தோல்விதான். ஆனால் அந்த எண் எப்படி வந்தது? சாம்பிளைக் கடைசி காந்தத்துக்கு முன்னாலேயே எடுத்திருந்தால் அது விற்பனைக்குப் போகிற சரக்கே இல்லை. டீயைக் காகிதத்தில் மெல்லப் பரப்பிக் காந்தத்தை மேலே நகர்த்தும்போது இரும்போடு நைஸ் டஸ்ட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காமல் நிறுத்தால் எண் ஏறிவிடும். இதெல்லாம் ரிப்போர்ட்டில் நாலு வரியில் இருக்கும், வாய்வழிச் செய்தியில் இருக்காது. அங்கே நிற்பது 210 மட்டும். ஃபாக்டரிக்காரர் மறுநாளே காந்தத்தைத் துடைத்துச் சரிசெய்திருப்பார். பேச்சைத் துடைக்க அவருக்கு வழி இல்லை.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாட் 40 மூட்டை, மூட்டைக்கு 30 கிலோ என்று வைத்தால் 1,200 கிலோ. குன்னூர் ஏலத்தில் கிலோவுக்கு 4 ரூபாய் குறைந்தால் அந்த ஒரு லாட்டிலேயே 4,800 ரூபாய் போச்சு. சந்தேகம் ஒரு லாட்டோடு நிற்பதில்லை, மார்க்கில், அதாவது ஃபாக்டரி ஏலத்தில் விற்கும் பெயரில், ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த ஏலத்திலும் கை தயங்கும். இத்தனைக்கும் அந்த கிளையன்ட் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார். சாம்பிள் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். ஏன் நின்றது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்தது, ரிப்போர்ட்டின் மேல்பகுதியை வெட்டிவிட்டு மீதியை போட்டோ எடுத்து அனுப்புவது. கீழே "எஸ்.ஆர்.டி., இன்வாய்ஸ் நம்பர், 40 மூட்டை" என்று அப்படியே இருக்கும் (எஸ்.ஆர்.டி. என்பது டஸ்ட் டீயின் ஒரு கிரேடு). ஏல கேட்டலாக்கில் மார்க், கிரேடு, இன்வாய்ஸ், மூட்டை எண்ணிக்கை எல்லாம் அச்சாகி வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். தைலத்திலும் இதே கதைதான். தைலத்தில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃப்) மெஷினின் வரைபடத்தில் பெயரை வெட்டினாலும், அடியில் பொடி எழுத்தில் சாம்பிளை ஊசியால் மெஷினில் செலுத்திய நேரமும் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் பெயரும் வரும். பலபேர் ஃபோல்டருக்கு கிளையன்ட் பெயரைத்தான் வைக்கிறார்கள்! அதுவும் இல்லை என்றாலும், தைலத்தில் இருக்கும் சினியோல், பைனீன், லிமோனீன் என்ற பொருள்களின் விகிதத்தைப் பார்த்தே இது யார் கலக்கும் சரக்கு என்று சொல்லிவிடுகிற வியாபாரிகள் ஊட்டியில் உண்டு.

அப்படியானால் ஒருவரிடம் கற்றதை இன்னொருவரிடம் சொல்லவே கூடாதா? சொல்லலாம். "ரோலர் தீட்டியபின் முதலில் வரும் டீத்தூளைத் தனியே ஒதுக்குங்கள், காந்தத்தில் இரண்டு தடவை விடுங்கள்" என்பது தொழில் அறிவு, அது உங்களுடையது. "அவர்கள் அப்படிச் செய்துதான் 210-ஐ 60 ஆக்கினார்கள்" என்பது கிளையன்ட்டின் சொத்து. வாய் திறக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: நான் சொல்லப்போகும் விவரம் இந்த மாவட்டத்தில் எத்தனை ஃபாக்டரிக்குப் பொருந்தும்? விரல்விட்டு எண்ண முடிந்தால் சொல்லாதீர்கள். உதாரணம் காட்டியே ஆக வேண்டும் என்றால் அரசு வரம்பையும் பொதுவான காரணத்தையும் சொல்லுங்கள். அந்த கிளையன்ட்டின் கதைதான் வேண்டுமென்றால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பழைய ரிப்போர்ட்டின் மேலேயே புதிய ரிப்போர்ட் அடிப்பது

ஃபுட்டரில் பழைய கிளையன்ட் பெயர் உட்கார்ந்திருக்கும். வெற்று டெம்ப்ளேட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். அனுப்புமுன் ஃபைல் பெயரையும் ப்ராப்பர்டீஸையும் திறந்து பாருங்கள்.

சாம்பிள் குறியீட்டில் கிளையன்ட்டின் இனிஷியல்

வேண்டாம். தேதியும் வரிசை எண்ணும் போதும். எந்த எண் யாருடையது என்கிற நோட்டு பூட்டில் இருக்கட்டும். மீந்த சாம்பிளைக் கொட்டுமுன் லேபிளைக் கிழியுங்கள்.

போனில் ரிசல்ட்

"ரிப்போர்ட் மெதுவா வரட்டும் சார், பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்க." கேட்பவர் புரோக்கராக இருக்கும், சில நேரம் கிளையன்ட்டின் மச்சானாகவே இருக்கும். சாம்பிள் வாங்கும் படிவத்திலேயே "முடிவு யாரிடம் தரவேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து, பெயரும் நம்பரும் எழுதி வாங்குங்கள். அந்த நம்பருக்கு மட்டும் சொல்லுங்கள். ஃபாக்டரி சாம்பிள் தந்து, வாங்குகிறவர் பணம் கட்டினால் ரிப்போர்ட் யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். பிறகு பேசினால் தகராறுதான்.

சாதகமான ரிசல்ட் வந்தால்தான் ஃபீஸ்

ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மெஷின் விற்பவரிடம் கமிஷன்

வாங்கினால் கிளையன்ட்டிடம் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வாங்காதீர்கள்.

"யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

இது கொடுக்க முடியாத வாக்கு. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள சட்டப் பாதுகாப்பு கெமிஸ்ட்டுக்குக் கிடையாது. கோர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் 2017 பதிப்பில் 4.2-ஆம் பிரிவு ரகசியம் பற்றியது. சட்டப்படி தகவலை வெளியிட நேர்ந்தால், சட்டம் தடுக்காதவரை, என்ன கொடுத்தோம் என்பதை கிளையன்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அங்கீகாரம் இல்லாத சின்ன லேபும் இந்த வரியை ஒப்பந்தத்தில் அப்படியே வைக்கலாம். அதிகாரி ஒருவர் சும்மா வந்து கேட்டால் அது சட்டப்படியான கேள்வி ஆகிவிடாது. எழுத்தில் உத்தரவு கேளுங்கள், மரியாதையாகவே.

இன்னொரு பக்கமும் உண்டு. காட்டேஜ்காரர் ஒருவர் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவருகிறார். நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம் வருகிறது. குடிநீர் வரம்பு 45. அதே ஊற்றிலிருந்து கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் பைப் போகிறது. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் ஆபத்து. இங்கே ரகசியம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அன்றைக்கே கிளையன்ட்டுக்குக் கடிதம் எழுதுங்கள்: எண் என்ன, யார் யார் குடிக்கிறார்கள், குழந்தைகளுக்கு உடனே வேறு தண்ணீர் வேண்டும், செப்டிக் டேங்கும் உரமிட்ட காடும் ஊற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும், இத்தனை நாளுக்குள் லைனுக்கும் பஞ்சாயத்துக்கும் நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம். இந்தக் கடைசி வரியை எழுதும் உரிமை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். "உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் பொருந்தாது" என்று ஒரே வரி. அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுக்கிறவரின் சாம்பிளை வாங்க வேண்டாம்.