பிறந்த குழந்தை அழவில்லையா? பிரசவ அறை செவிலியருக்கு

தலைகீழாகத் தூக்கித் தட்டுவதெல்லாம் வேண்டாம், நேரம்தான் போகும். வெதுவெதுப்பான துணியால் துடைத்து முதுகைத் தேய்த்துவிடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் 60 விநாடிக்குள் ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை). நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும். நெஞ்சு எழும்பவில்லையா? பெரும்பாலும் மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், அல்லது கழுத்து மடங்கியிருக்கும். தோளுக்கடியில் துணியை மடித்து வைத்து, முகம் கூரையைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். மாஸ்க் கண்ணில் ஏறக்கூடாது.

மூச்சு வந்தபிறகும் துவண்டு கிடந்தாலோ, பால் சப்பாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அஞ்செட்டி, சித்தேரி மலையிலிருந்து இறங்கவே நேரமாகும். வலிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பும் பல சமயம் வெட்டி இழுக்காது: வாய் சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிக்கும். வழியில் ஐஸ் வைக்காதீர்கள்; மூளையைக் காக்க உடலைக் குளிர்விப்பதா என்பதைப் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு முடிவு செய்யட்டும். எத்தனை நிமிடம் பை அழுத்தினீர்கள், குழந்தையின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள்.