படைவீரராகவும் உரிமைப் போராளியாகவும் வாழ்ந்தவருக்கு அஞ்சலி: அமெரிக்காவில் என்னென்ன செய்ய வேண்டும்?

மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பணியாற்றிவிட்டு மிசிசிப்பிக்குத் திரும்பியவர். கருப்பின மக்களின் உரிமைக்கான தேசிய அமைப்பான என்ஏஏசிபியின் களச் செயலாளராக இருந்தபோது, 1963 ஜூன் 12 அன்று தன் வீட்டு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் போலப் படையிலிருந்து வந்து கருப்பின மக்களின் உரிமைக்காக நின்ற உள்ளூர்த் தலைவர்கள் பலர் உண்டு. ஊருக்கு வெளியே அவர்கள் பெயர் தெரியாது.

அப்படி ஒருவருக்கு அஞ்சலி செலுத்தும்போது வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்றுதான். ராணுவ மரியாதைக்குச் சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, சீருடையில் ஆள் வருகிறார்கள். உரிமைப் போராட்ட வாழ்க்கைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. குடும்பம் பார்த்துச் செய்யாவிட்டால் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடும். ஆகவே ராணுவப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மீதி நேரத்தை மற்றதற்கு வையுங்கள்.

முதலில் வேண்டியது டிடி 214 என்ற விடுவிப்புச் சான்று. இரண்டாம் உலகப் போர்க்கால வீரர்களிடம் இது வேறு பெயரில், வேறு வடிவில் இருக்கும், அதுவும் செல்லும். வீட்டில் கிடைக்காவிட்டால் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றப் பதிவகத்தில் கேளுங்கள். ஊர் திரும்பியதும் அங்கே பதிந்துவைத்தவர்கள் நிறையப் பேர். அங்கும் இல்லை என்றால் செயின்ட் லூயிஸிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடக்கத்துக்காக அவசரமாகத் தேவை என்று குறிப்பிட்டால் முன்னுரிமை தருவார்கள். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. ‘கோப்பு இல்லை’ என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். படைப்பிரிவு, பணிக்காலம், பயிற்சி பெற்ற இடம் இவற்றை என்ஏ 13055 படிவத்தில் எழுதி அனுப்பினால், வேறு பதிவேடுகளைக் கொண்டு பணிக்காலத்தை உறுதிசெய்யப் பார்ப்பார்கள்.

சான்றில் ‘விடுவிப்பின் தன்மை’ என்ற கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். 1947 வரை ‘நீல விடுவிப்பு’ என்று ஒன்று இருந்தது. மரியாதையான விடுவிப்பும் அல்ல, அவமரியாதையான விடுவிப்பும் அல்ல. அது கருப்பின வீரர்கள் தலையில் அவர்களின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் விழுந்தது. அதைத் திருத்த நெருங்கிய உறவினர் டிடி 149 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு வர நாளாகும் என்பதால் அடக்கத்துக்கு உதவாது; பின்னால் கல்லறைக் கல்லுக்கு உதவலாம்.

மரியாதை அணிவகுப்பை ஃபியூனரல் ஹோம் (இறுதிச்சடங்கை நடத்தித் தரும் நிறுவனம்) மூலமே கேட்க வேண்டும். கட்டணம் இல்லை. சட்டப்படி குறைந்தது இரண்டு பேர் வருவார்கள். ஒருவராவது இறந்தவர் பணியாற்றிய படையைச் சேர்ந்தவராக இருப்பார். சவப்பெட்டியின் மேல் போர்த்திய தேசியக் கொடியை மடித்துக் கொடுப்பதும் ‘டாப்ஸ்’ என்ற இறுதி மரியாதை இசையை இசைப்பதும் அவர்கள் வேலை. ஊதத் தெரிந்தவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பல இடங்களில் பியூகிள் என்ற ஊதுகொம்புக்குள் ஒலிக்கருவி வைத்து, ஊதுவதுபோல் பிடித்துக்கொள்வார்கள். நிஜமாக ஊத ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். துப்பாக்கி வேட்டு மூன்று முறை. அது பெரும்பாலும் உள்ளூர் முன்னாள் வீரர் சங்கத்தின் உபயம். நிகழ்ச்சி நிரலில் ‘21 குண்டு மரியாதை’ என்று அச்சடித்துவிடாதீர்கள், அது வேறு.

கொடிக்கு 27-2008 என்ற படிவம். ஒருவருக்கு ஒரு கொடிதான், 5 அடிக்கு 9½ அடி. நட்சத்திரப் பகுதி தலைமாட்டில், இடது தோள் பக்கம் வர வேண்டும். குழிக்குள் இறக்கக் கூடாது. யார் கையில் கொடுப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் நான்கு பேர் இருக்கும் வீட்டில் கல்லறை ஓரத்தில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல இது.

இனி உரிமைப் போராட்டப் பகுதி. அந்தக் காலத்து உள்ளூர்ப் பத்திரிகையை மட்டும் நம்பினால் பாதிதான் கிடைக்கும். பல ஊர்களில் அவை உரிமை இயக்கச் செய்திகளைப் போடவில்லை. போட்டாலும் ‘ஒழுங்கீனத்துக்காகக் கைது’ என்ற ஒற்றை வரிதான். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கருப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள், தேவாலயக் குறிப்பேடுகள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்திலுள்ள என்ஏஏசிபி ஆவணங்கள் என்று தேடிப் போங்கள். எதிர்த்தரப்பு வைத்திருந்த கோப்புகளும் பயன்படும். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கோப்பைத் தகவல் பெறும் சட்டப்படி கேட்கும்போது இறப்புச் சான்றோ இரங்கல் செய்தியோ இணைக்க வேண்டும். மிசிசிப்பிக்காரர் என்றால், மாநில அரசே நடத்திய ‘சாவரின்டி கமிஷன்’ என்ற வேவு அமைப்பின் கோப்புகள் 1998-ல் திறக்கப்பட்டன, இணையத்தில் தேடலாம். பெயரைத் தப்பான எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். உளவு சொன்னவர் எழுதியதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மேடையில் வாசித்துவிடக் கூடாது.

இரங்கல் குறிப்பில் ‘சிவில் உரிமைகளுக்காக அயராது பாடுபட்டார்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். எந்த ஆண்டு, எந்தக் கவுண்டி அலுவலக வாசலில் வாக்காளராகப் பதிய நின்றார், யாரையெல்லாம் கூட்டிப்போனார், அதற்காக எந்த வேலையை இழந்தார் என்று எழுதுங்கள். இரண்டு வாழ்க்கையையும் இணைக்க 1942-ல் பிட்ஸ்பர்க் கூரியர் தொடங்கிய ‘இரட்டை வெற்றி’ இயக்கம் ஒரு நல்ல பிடி: வெளிநாட்டில் பாசிசத்தின் மீது ஒரு வெற்றி, உள்நாட்டில் நிறவெறியின் மீது ஒரு வெற்றி.

நிகழ்ச்சி வரிசையில் இயக்கத் தோழர்களின் பேச்சும் பாட்டும் தேவாலயத்திலேயே முடியட்டும். ராணுவ மரியாதை கல்லறையில், கடைசியாக. டாப்ஸ் ஒலித்த பிறகு பேச எழுந்தால் யார் காதிலும் ஏறாது. பேசுகிறவர்கள் வயதானவர்கள், நாற்காலியும் கையில் பிடிக்கும் மைக்கும் கொடுங்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்ய ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

கல்லறைக் கல்லுக்கு 40-1330 படிவம். கல் இலவசம், தனியார் கல்லறையில் என்றால் நடும் செலவு உங்களுடையது. பெயர், படை, பதவி, போர், தேதிகள் போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான், கூடுதல் வாசகத்துக்கு அனுமதியும் வேண்டும். நாலைந்து சொல்லில் போராட்டத்தைச் சொல்ல முடியுமா என்று இப்போதே எழுதிப் பாருங்கள்.

காகிதங்களை அவசரப்பட்டு லேமினேட் செய்யாதீர்கள். ரப்பர் பேண்டையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். காங்கிரஸ் நூலகத்தின் முன்னாள் வீரர் வரலாற்றுத் திட்டம் 10 மூலப் புகைப்படங்கள் அல்லது கடிதங்கள் இருந்தால் ஏற்கும். ஆனால் இயக்க ஆவணங்களை அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுப்பதே மேல். ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க முடியும். கொடை ஒப்பந்தத்தில் பதிப்புரிமை யாருக்கு, எப்போதிலிருந்து பார்வைக்குத் திறக்கலாம் என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கொடுப்பதற்கு முன், அடக்கத்துக்குப் பிந்தைய விருந்து நடக்கும் மேசையில் படங்களின் நகல்களைப் பரப்பிப் பக்கத்தில் பென்சில்களை வையுங்கள். யார் யார் என்று அங்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.