பழைய விண்டோஸில் ஃபோட்டோஷாப்: நினைவகக் கணக்கில் நேரும் தவறுகள்

"போதிய ரேம் இல்லை" என்ற அறிவிப்பைக் கண்டதும் கடைக்குப் போய் இன்னொரு ரேம் வாங்கி மாட்டுவதுதான் விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபோட்டோஷாப் பயன்படுத்துவோர் செய்யும் முதல் தவறு. 32 பிட் எக்ஸ்பியின் முகவரி வெளி, அதாவது அது எண்ணிட்டு அணுகக்கூடிய நினைவக எல்லை, 4 ஜிபியோடு முடிந்துவிடுகிறது; அதிலும் பாதியை இயங்குதளம் தனக்கென வைத்துக்கொள்வதால், ஒரு மென்பொருளுக்கு இயல்பாகக் கிடைப்பது 2 ஜிபி மட்டுமே. 8 ஜிபி மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் பூட்.ஐஎன்ஐ கோப்பில் /3GB என்ற கட்டளையைச் சேர்த்தால், அதை ஏற்கும்படி உருவாக்கப்பட்ட மென்பொருள்களுக்கு 3 ஜிபி வரை கிடைக்கும். ஆனால் இயங்குதளத்தின் பங்கு 1 ஜிபியாகச் சுருங்குவதால், கிராபிக்ஸ் டிரைவர்கள் தடுமாறும் வாய்ப்பும் கூடவே வருகிறது.

கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறுவது அடுத்த தவறு. வட்டில் 3 எம்பி இருக்கும் ஜேபெக் படம் 1.2 கோடி பிக்சல் கொண்டதானால், சுருக்கம் விரிந்து திறக்கும்போது 36 எம்பி ஆகிவிடும். 10 அடிக்கு 8 அடி ஃபிளெக்ஸ் பேனரைப் பழக்கதோஷத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு நிற முறை) என்று தொடங்கினால், ஒரே லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்குக்கு) ஏறத்தாழ 4 ஜிபி வேண்டும். சாலையோரத்தில் தூரத்திலிருந்து பார்க்கப்படும் பேனருக்கு 72 டிபிஐ தாராளம்; அப்போது 230 எம்பிக்குள் வேலை முடிந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பின் அமைப்புகளான பிரெஃபரன்ஸஸில் நினைவகப் பயன்பாட்டை 100 விழுக்காடு என்று வைப்பதும் பயன் தராது. பிளக்-இன்கள் எனும் துணை மென்பொருள்களுக்கு வேண்டிய இடமும் அதே 2 ஜிபிக்குள்தான் இருக்க வேண்டும் என்பதால், 70 விழுக்காட்டைத் தாண்டாமலிருப்பதே நல்லது.

"ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது" என்பது ரேமைப் பற்றிய புகாரே அன்று. நினைவகத்தில் கொள்ளாதவற்றை எழுதிவைக்க வட்டில் இடமில்லை என்பதே அதன் பொருள். சி டிரைவ் நிரம்பி வழிகிறதே என்று அதே ஹார்ட் டிஸ்க்கின் டி பிரிவுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. இரண்டு பிரிவுகளுக்கும் ஓடி ஓடிப் படித்து எழுதுவது ஒரே முனைதானே. தனியாக இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஒதுக்குவதே சரி.

இடையில் நினைவகம் நெருக்கும்போது, கோப்பைச் சேமித்துவிட்டு எடிட் மெனுவிலுள்ள பர்ஜ் கட்டளையால், செய்த மாற்றங்களின் பதிவான ஹிஸ்டரியைக் காலி செய்யலாம். அதற்குப் பிறகு பழைய நிலைகளுக்குத் திரும்ப முடியாது.