சர்வருக்கு லினக்ஸ்: முதலாளியிடம் எதைக் காட்டி ஒப்புதல் வாங்குவது

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கோப்புகள் இருக்கும் சர்வர் பழசாகிவிட்டது, புதியதற்குக் கொட்டேஷனும் வந்துவிட்டது. இந்த வேலைக்கு டெபியன் லினக்ஸும் (விண்டோஸ் போன்ற ஒரு இயங்குதளம்) சாம்பாவும் (லினக்ஸில் உள்ள கோப்புகளை விண்டோஸ் மெஷின்களுக்குப் பகிரும் மென்பொருள்) தாராளமாகப் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். முதலாளிக்கு இரண்டு பெயருமே புதிது. அவர் கேட்கப்போவது மூன்றுதான்: எவ்வளவு ஆகும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு, சரிப்படாவிட்டால் பழையபடி திரும்ப முடியுமா.

‘இலவசம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். சும்மா கிடைப்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது வியாபாரிகள் அனுபவத்தில் கண்டது. ‘லைசென்ஸ் கட்டணம் கிடையாது, பராமரிப்புக்குக் கட்டணம் உண்டு’ என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அடுத்தது, ஒரே பக்கத்தில் ஐந்து வருடச் செலவுக் கணக்கு, தமிழில். விண்டோஸ் சர்வர் பக்கம் எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பின் லைசென்ஸ் ப்ராசஸர் கோர் கணக்கில் வரும். மெஷினில் 6 கோர்தான் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும். அதற்கு மேல், சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ ‘கால்’ (CAL) எனும் தனி லைசென்ஸ் வேண்டும். கொட்டேஷனில் ‘கால்’ விடுபட்டிருந்தால் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

லினக்ஸ் பக்கம் லைசென்ஸுக்கு நேரே பூஜ்யம். ஆனால் நிறுவும் கூலி, பழைய கோப்புகளை மாற்றும் செலவு, ஆட்களுக்குப் பயிற்சி, வருடாந்தரப் பராமரிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். மெஷின், யுபிஎஸ், பேக்கப் டிஸ்க் இரண்டு பக்கமும் வரும். தலைமுறை தலைமுறையாகப் பேரேடு பார்த்த ஊர் இது. விட்டுப்போன ஒரு செலவை முதலாளியே கண்டுபிடித்தால், மீதிக் கணக்கையும் நம்ப மாட்டார்.

பொறுப்புக்குப் பெயர் வேண்டும். உள்ளூரிலோ மதுரை, திருச்சியிலோ லினக்ஸ் பராமரிப்பு செய்யும் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: போனில் எத்தனை மணி நேரத்துக்குள் பதில், நேரில் வர எவ்வளவு நேரம். “நாளைக்கு நீ வேலையை விட்டுட்டுப் போயிட்டா யாருப்பா பாக்குறது?” என்ற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. நிறுவிய விதம், பாஸ்வேர்டு, பேக்கப்பிலிருந்து மீட்கும் முறை இவற்றை அச்செடுத்து, உறையிலிட்டு, ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைப்பதாகச் சொல்லுங்கள், அன்றே வையுங்கள்.

லினக்ஸின் மூல நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். அதைக் கேட்டு “எல்லாரும் பாக்குற மாதிரி இருந்தா திருடனும் பாப்பானே?” என்றால், பங்காளிகள் அத்தனை பேரும் புரட்டிப் பார்க்கும் கணக்கில் தவறு ஒளிந்திருப்பது கடினம் என்று சொல்லலாம். அதோடு நிறுத்தாதீர்கள். ஓட்டையே வராது என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. இப்படித் திறந்த நிரல்களிலேயே 2014-ல் ஹார்ட்பிளீட், 2021-ல் லாக்4ஷெல் என்ற பெரிய ஓட்டைகள் வந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி அமைத்திருப்பதைக் காட்டுங்கள். ஆதரவுக் காலத்தையும் எழுதிக் கொடுங்கள்: டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் 3 வருட முழு ஆதரவு, பிறகு 2 வருட நீண்டகால ஆதரவு. 2029 வரை வரும் என்றிருந்த சென்டோஸ் 8 என்ற வேறொரு லினக்ஸ், 2021 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. இதை வேறு யாராவது அவர் காதில் போடுமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பேச்சைவிட மாதிரி ஓட்டம்தான் வேலை செய்யும். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின், ரெய்டு 1 முறையில் (ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்) இரண்டு 2 டிபி டிஸ்க், ஒரே ஒரு பிரிவு, நான்கு வாரம். முடிவில் முதலாளியை அழைத்து மூன்றைக் காட்டுங்கள்.

ஒன்று, அவர் கண்முன் ஒரு பில் கோப்பை அழித்து மீட்பது. அழித்த கோப்பை ஒதுக்கி வைக்கும் சாம்பாவின் ரீசைக்கிள் வசதி அழித்ததை மட்டுமே பிடிக்கும். அதே பெயரில் மேலே சேமித்தால் பழையது அதில் இருக்காது. அதற்குத் தினசரி பேக்கப் தனியே ஓட வேண்டும், அதிலிருந்தும் ஒரு கோப்பை எடுத்துக் காட்டுங்கள். இரண்டு, மெஷினை அணைத்து ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுவது. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். மெஷினை எழுப்பும் சிறு நிரலான பூட் லோடர் முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அது போன நாளில் தரவு பத்திரமாக இருந்தும் மெஷின் எழும்பாது. இரண்டிலும் நிறுவி, முந்தின நாளே நீங்கள் தனியாகச் சோதித்துவிடுங்கள். மூன்று, யுபிஎஸ்ஸின் மெயின் ஒயரைப் பிடுங்குவது. பேட்டரி தீருமுன் சர்வர் தானே ஒழுங்காக அணைய வேண்டும். நட் (NUT) என்ற நிரலும் யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ்ஸும் இருந்தால் இது நடக்கும்.

எதைத் தொடப்போவதில்லை என்பதையும் எழுதுங்கள். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸ் மெஷினிலேயே இருக்கட்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அப்படியே. எடை மேடையோடு ஓடும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் இருந்தால் அது புது சாம்பாவோடு பேசாது, அதற்குத் தெரிந்த பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1 புது சாம்பாவில் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு மெஷினுக்காக அதைத் திறந்துவிடாதீர்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையை ஒட்டிய அலுவலகமென்றால் சிமெண்ட் தூசி விசிறியை அடைத்துவிடும். எந்த மென்பொருளானாலும் சர்வருக்குக் கதவுள்ள உள்ளறை வேண்டும்.

கடைசியாகக் கேட்க வேண்டியதை ஒரே வரியில் கேளுங்கள்: ‘கோப்பு சர்வரை மட்டும் மாற்ற அனுமதி வேண்டும், பழையது 60 நாள் அப்படியே இருக்கும், சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம்.’ கோப்புகள் சாதாரண ஃபோல்டர்களில்தான் இருக்கும், எங்கும் நகலெடுத்துப் போகலாம். அந்த 60 நாளில் எழுதிய புதுக் கோப்புகளைப் பழையதற்கு நகலெடுக்கும் வேலையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றும் நாளாக மார்ச் மாதத்தைக் குறிக்காதீர்கள். மற்ற மாதங்களில், மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வசதி.