முதலில் கண், அப்புறம் கை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஏழு பேர். காது கேட்காதவன் என் பேரன் ஒருவன்தான். எட்டாவது மாதத்தில் தெரிந்தது. "சைகை பழக்கினால் பேச்சே வராது" என்றார் ஒரு டாக்டர். அதை நம்பி ஒரு வருஷம் போனது. நீங்கள் நம்பாதீர்கள். காதில் மெஷின் மாட்டினாலும் சைகை கற்றுக்கொடுங்கள், ஒன்றை ஒன்று கெடுக்காது.

தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலை முதல் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு; புருவத்துக்குக்கூட அதில் வேலை இருக்கிறது. காது கேட்காத குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவும் ஹை ஹோப்ஸ் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சொல்லித்தருவார்கள். எங்களுக்கு வந்த அக்காவுக்கும் காது கேட்காது.

முதல் நாளே என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேரன் கூழ்க்கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் பாட்டுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். கேட்கிற பிள்ளை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே 'கூழ்' என்ற சொல்லையும் கேட்டுக்கொள்ளும். இவனுக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். ஆகவே ஆசைதீரப் பார்க்கட்டும், காத்திருங்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பியதும் காட்டுங்கள். திரும்பவில்லையா? கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். கூப்பிட, தோளை மெல்லத் தட்டினால் போதும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகிவிடும்.

எனக்குச் சைகைப் பெயர், அதாவது என்னைக் குறிக்கக் கையால் காட்டும் பெயர், வைத்ததும் அந்த அக்காதான்: பொட்டு வைக்கும் இடத்தில் ஒரு விரல். பேரன் முதலில் தொட்டது மூக்கை! அது மழலை. திருத்த வேண்டாம், நீங்கள் சரியாகச் செய்துகொண்டே இருங்கள்.

அப்புறம், அவனோடு மட்டும் சைகை பேசினால் போதாது. கேட்கிற பிள்ளைகள் பாதி மொழியை ஒட்டுக்கேட்டே பிடித்துக்கொள்கின்றன. போனில் யார், சித்தி ஏன் சிரித்தாள், ரொட்டி ஏன் கருகியது, எல்லாமே அவன் கண்ணில் பட வேண்டும். தாத்தா "இந்த வயசில் எனக்கெதற்கு" என்றுதான் ஆரம்பித்தார். இப்போது சாப்பாட்டு மேசையில் பொய்யும் கையாலேயே சொல்கிறார்.

இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் அவனுக்குப் பேச்சும் போனது போலத்தான். சார்ஜ் லைட் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இருட்டியதும் அவனே அதை எடுத்து வந்து என் முகத்தில் அடிக்கிறான். பொட்டைத் தொடுகிறான். ஆயா, பேசு.