உள்ளே போன ஏற்பி செல்லின் மேற்பரப்புக்குத் திரும்புகிறதா? டிரான்ஸ்ஃபெரினை வைத்து அளக்கும் முறை

செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளியே உள்ள மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதங்களே ஏற்பிகள். செல் உள்ளிழுக்கும் ஏற்பிகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்பட்ட ஈஜிஎஃப் (ஒரு வளர்ச்சிக் காரணி) ஏற்பி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைகிறது. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் ஏற்பியோ, பிஎச் 6 அளவில் இருக்கும் ஆரம்ப எண்டோசோமில் (உள்ளே வந்தவை முதலில் சேரும் பை) இரும்பை இறக்கிவிட்டு, வழிகாட்டும் புரதங்களான ராப்4 வழியே வேகமாகவும் ராப்11 வழியே மெதுவாகவும் மேற்பரப்புக்குத் திரும்பி வருகிறது. இப்படித் திரும்பும் மறுசுழற்சியை அளக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல புரதம் இல்லை.

குழிகள் கொண்ட தட்டில் வைத்த கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டு) ஹீலா செல்களை (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதச் செல் வகை) 60–70 சதவீதம் நிரம்ப வளர்த்து, சீரம் இல்லாத மீடியத்தில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு அலெக்சா 488 என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய மனித டிரான்ஸ்ஃபெரினை மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் வீதம் சேர்த்து, 37 டிகிரியில் 30 நிமிடம். இந்த டிரான்ஸ்ஃபெரின் குப்பியைக் குளிரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள்; இங்கே கோலாலம்பூரின் ஈரக்காற்று உள்ளே நீராகப் படியும்.

அடுத்து, மறுசுழற்சியை நிறுத்தத் தட்டை ஐஸில் வையுங்கள். வெறும் ஐஸ்கட்டி போதாது: குழிகளின் அடியில் காற்று தங்கி, செல் குளிராது. நொறுக்கிய ஐஸில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, தட்டின் அடி முழுவதும் படவேண்டும். ஏர்கான் ஓடும் அறையின் 24 டிகிரியிலும் மறுசுழற்சி நடந்துகொண்டே இருக்கும். கழுவும் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கால்சியமும் மக்னீசியமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் செல்கள் உருண்டு கழன்றுவிடும்.

அடுத்தது, உள்ளே போகாமல் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபெரினை நீக்கும் அமிலக் கழுவல். பெரும்பாலும் சோதனை கெடுவது இதில்தான். அமிலம் மட்டும் டிரான்ஸ்ஃபெரினைக் கழற்றாது. இரும்பிழந்த டிரான்ஸ்ஃபெரின் அமிலத்தில் ஏற்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும். பிஎச் 5 பஃபரில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஃபெராக்சமினை 50 மைக்ரோமோலார் அளவில் சேர்த்து ஐஸிலேயே கழுவி, உடனே பிஎச் 7.4 பிபிஎஸ்ஸால் இரண்டுமுறை கழுவுங்கள். இந்த நடுநிலைக் கழுவலில்தான் அது விடுபடும். இதைத் தவிர்த்தால் வெளியே ஒட்டியிருப்பதையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள்.

இப்போது 37 டிகிரிக்கு முன்பே சூடாக்கிய மீடியத்தை ஊற்றுங்கள். அதில் சாயம் ஒட்டாத டிரான்ஸ்ஃபெரின் 100 மடங்கு இருக்கவேண்டும். வெளியே வந்த சாயமுள்ள டிரான்ஸ்ஃபெரின் மறுபடி உள்ளே போகாமல் அதுதான் தடுக்கும். 0, 5, 10, 20, 40 நிமிடங்களில் கவர்ஸ்லிப்பை ஐஸுக்கு மாற்றி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்துங்கள். கான்ஃபோகல் நுண்ணோக்கியில் ஒளியை அளக்கும்போது, லேசரின் அளவையும் கெயினையும் (ஒளியைப் பெருக்கும் அளவு) இடையில் தொடவே கூடாது.

ஹீலாவில் 10–15 நிமிடத்தில் பாதி ஒளி குறையும். சந்தேகம் வந்தால், மறுசுழற்சியைத் தடுக்கும் மொனென்சின் சேர்த்த ஒரு குழியையும் வையுங்கள். அங்கே ஒளி உள்ளேயே தங்கவேண்டும்; அங்கேயும் குறைந்தால், நீங்கள் அளப்பது சாயம் வெளுப்பதைத்தான்.