வெளிநாட்டில் சின்ன உணவகம்: காய்கறி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோழவந்தான் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்காக மற்ற ஆறு நாளும் காத்திருப்போம். காய் என்றால் வெஞ்சனம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இலை ஓரத்தில் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். இந்த நினைப்போடுதான் 2013இல் இங்கிலாந்தின் ஒரு சிறிய ஊரில் 24 நாற்காலி போட்டு உணவகம் தொடங்கினேன். பத்து வருடம் நடத்திவிட்டு இப்போது மதுரைக்கே வந்துவிட்டேன். வெளிநாட்டில் கடை போடப் போகும் தம்பிகள் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார்கள். பரோட்டா மாஸ்டர், மசாலா, விசா என்று எல்லாம் கேட்கிறார்கள். காயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பணமும் நேரமும் அதிகம் வீணானது அதில்தான்.

மதுரைக்காரர் மெனு எழுத உட்கார்ந்தால் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், கறி தோசை என்று கை தானாக ஓடும். நானும் அப்படி எழுதிவிட்டு, கடைசியில் வெஜ் குருமா, காலிஃபிளவர் 65 என்று இரண்டு வரி சேர்த்தேன். அங்கே நான்கு பேர் சேர்ந்து வந்தால் அதில் ஒருவர் கறி தொடாதவராக இருப்பது சாதாரணம். அந்த ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துத்தான் நால்வரும் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாசலில் நின்று மெனுவைப் படித்துவிட்டு நகர்ந்தவர்கள் விலையைப் பார்த்துப் போகிறார்கள் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

சரி, காயைக் கூட்டுவோம் என்று இறங்கியபோது அடுத்த தவறு செய்தேன். ஊர்க் காய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். புடலங்காய்க் கூட்டு, பாகற்காய்ப் புளிக்குழம்பு என்று மெனுவை அச்சடித்துவிட்டேன். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றையும் தடுத்தது. வந்த சரக்கில் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததுதான் காரணம். பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்ததால் எங்களுக்கும் அந்தத் தடை பொருந்தியது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது, காய்களுக்கு அதன் பிறகும் நீடித்தது. விமானத்தில் வரும் காயை நம்பி மெனு போட்டால் இப்படித்தான் ஒரு நாள் நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும். தடை இல்லாத நாளிலும் அங்கே வந்து சேரும் சீனி அவரைக்காய் பாதி நார்தான்.

என்னை மாற்றியவர் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் ஆங்கிலேய அம்மா. ஊர் நிர்வாகத்திடம் வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் தோட்டம் போட்டிருந்தார். அலாட்மென்ட் என்பார்கள். ஆகஸ்டில் ரன்னர் பீன்ஸும் மேரோவும் அவர் வீட்டில் தின்று தீராத அளவுக்குக் காய்த்துவிட, ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மேரோவை வெட்டினால் சுரைக்காய் மாதிரியே இருந்தது. பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தேன். ரன்னர் பீன்ஸை, அம்மா அவரைக்காய்க்குச் செய்வது போல நார் கிள்ளிப் பொரியல் செய்தேன். அன்று மதியம் கறி இல்லாமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அந்த மண்ணில் விளைவதை நம் பக்குவத்தில் சமைக்கப் பழகியது அதற்குப் பிறகுதான். குளிர்காலத்தில் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்ற குட்டிக்கோஸ் கிடைக்கும். மெல்லிசாக அரிந்து, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்து, தேங்காய் தூவினால் நம் கோஸ் பொரியலைவிட வாசமாக இருக்கும். பார்ஸ்னிப் இனிப்பான வெள்ளைக் கிழங்கு, பூண்டுப் புளிக்குழம்பில் அருமையாகச் சேரும். வசந்தத்தில் வரும் ருபார்ப் தண்டை மாங்காய்க்குப் பதிலாகத் துவரம்பருப்பில் போடலாம். அதன் இலையை மட்டும் எறிந்துவிட வேண்டும், ஆக்சாலிக் அமிலம் நிறைந்த நஞ்சு அது. அங்கே கிடைக்கும் பெரிய கத்தரிக்காய் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒத்துவராது. சுட்டுத் தோலுரித்துக் கொத்சு செய்யுங்கள்.

காயைக் கெடுப்பதில் நம் இரவுக்கடைப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சால்னா அடுப்பில் இருக்க இருக்க ருசி ஏறும், பொரியலுக்கு ஒவ்வொரு நிமிடமும் இறங்கும். இங்கிலாந்தில் சூடாக வைத்துப் பரிமாறும் உணவை 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது விதி. காலையில் செய்த பீன்ஸ் பொரியலை அந்தச் சூட்டில் மதியம்வரை வைத்தால் பழுப்பாகித் துவண்டுவிடும். நான் பிறகு கண்டுபிடித்த வழி இதுதான்: காயை உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்து, குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். விதிப்படி அங்கே 8 டிகிரியைத் தாண்டக் கூடாது, நான் 5இல் வைப்பேன். ஆர்டர் வந்ததும் தாளித்து, சூடேற்றி, தேங்காய் போட்டு இறக்க நான்கு நிமிடம்தான். இன்னொன்று, எல்லாக் காயையும் ஒரே வெங்காயம் தக்காளி கிரேவியில் முக்கி எடுக்காதீர்கள். எந்தக் காய் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்றால் இரண்டாவது தடவை ஏன் வரப்போகிறார்கள்?

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சைவம்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. பிரிட்டனில் ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று 2014 டிசம்பர் முதல் உணவகங்கள் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது. நம் தாளிப்பும் நல்லெண்ணெயும் அதில் வந்துவிட்டன. வேர்க்கடலை, முந்திரி, பால் எல்லாம் உண்டு. தோசையில் கோதுமை இல்லை என்று ஒருவருக்கு நான் உறுதி சொல்லியிருக்கிறேன். கூடவே வைத்த சாம்பாரில் கூட்டுப்பெருங்காயம் இருந்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தபோதுதான் அதில் கோதுமை மாவு கலந்திருப்பது தெரிந்தது. நல்லவேளையாக அவர் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. கோதுமை கலக்காத பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். காலையிலேயே பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் சாப்பாட்டுக்கு, 2021 அக்டோபர் முதல் சேர்மானம் முழுவதையும் லேபிளில் அச்சிட வேண்டும். வீகன், அதாவது பால், நெய்கூடச் சேராதது என்று எழுதிவிட்டுப் பருப்பில் நெய் ஊற்றுவதும் கூடாது. நமக்கு அது ஒரு கரண்டி வாசம், நம்பிச் சாப்பிடுகிறவருக்கு அது ஏமாற்று.

விலையிலும் நம் பழக்கம் காலை வாரிவிடும். ஊரில் சாப்பாட்டோடு பொரியலும் கூட்டும் கேட்கக் கேட்க வரும், அதனால் காய்க்குத் தனியாகக் கணக்குப் பார்க்க நமக்குத் தெரிவதில்லை. வாழைப்பூவை ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நரம்பெடுத்தால், 2025 ஏப்ரல் கணக்கில் அவருக்கு, 21 வயது ஆகியிருந்தால், குறைந்தபட்சக் கூலி 12.21 பவுண்டு. சின்ன வெங்காயம் உரிப்பதற்கும் அதே கூலிதான். வாழைப்பூ வடையைக் கைவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் போடுங்கள், அதற்குரிய விலை வையுங்கள். கடை திறக்க 28 நாளுக்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரிக்கான பதிவும் உண்டு. உணவகச் சாப்பாட்டுக்கு அது 20 சதவீதம் என்பதை விலை போடும்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கடையில் வேலை செய்பவர்கள் இரவு மிஞ்சிய சால்னாவையும் பரோட்டாவையும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். நானும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அன்றைய காயைச் சாப்பிட வேண்டும் என்று வைத்தேன். உப்புக் குறைந்தது, வேக்காடு கூடியது எல்லாம் அங்கேயே தெரிந்தது. பரிமாறும் பையன்களும் தாங்கள் ருசித்த காயைத்தான் வாடிக்கையாளரிடம் ஆசையாக எடுத்துச் சொன்னார்கள்.

போன வாரம் பர்மிங்ஹாம் போகவிருக்கும் ஒரு தம்பி வந்திருந்தார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அம்மா செய்யும் பொரியல்களில் ஏழெட்டுப் பெயர் சொன்னார், எதையும் அவர் கையால் செய்ததில்லை. விசா வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை வீட்டில் மதியச் சமையல் அவருடையது என்று அவர் அம்மாவிடம் நானே போனில் பேசிவிட்டேன்.